இருபத்து நாலரை

நியூசிலாந்தின் கிளென்ஃபீல்டில் எமிலி என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்விஸ் எமிலி என்று கூப்பிட்டால் ஒருத்திதான். மன்னாரில் பிறந்தவள். கணவன் றெஜினோல்ட்டோடு சுவிட்சர்லாந்தின் மலையூர் ஒன்றில் எட்டு வருடம் இருந்துவிட்டு, பதினாறு வருடத்துக்கு முன் ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தாள். இப்போது ஐம்பத்திரண்டு வயது, பென்ரோஸில் ஒரு பெரிய கிடங்கில் ஷிஃப்ட் பொறுப்பாளர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சுந்தரம் ஆறடி உயரம், மதுரைக்காரர், ஒருவருக்கும் அடங்காதவர். எமிலியின் குரல் கேட்டால் அவரும் வண்டியைப் பின்னுக்கு எடுத்துவிடுவார்.

ஸ்விஸ் என்ற பட்டம் ஒரு சிரிப்பில் வந்தது. வந்த புதிதில், ஜூலை மாதத்துக் குளிரில், மாதா கோயில் மண்டபத்தில் எல்லாரும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். "இது ஒரு குளிரே? நாங்கள் இருந்த இடத்தில பனியை வெட்டிப்போட்டுத்தான் கதவையே திறக்கலாம்" என்றாள் எமிலி. "அப்ப ஸ்கீயெல்லாம் ஓடியிருப்பியளே?" என்று யாரோ கேட்டார்கள். எமிலி சிரித்தாள். அவ்வளவுதான். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு பதினாறு வருடம் தலையை நிமிர்த்தி நடந்துவிட்டாள். கெட்டிக்காரிதான், வேறென்ன சொல்வது!

உண்மை என்னவென்றால், எமிலி ஒரு நாளும் பனியில் சறுக்கியவள் அல்ல. அந்த மலையூரில் ஒரு ஹோட்டலின் நிலவறையில் ஸ்கீ சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கும் அறையில்தான் வேலை பார்த்தாள். காலையில் வருகிறவர்களின் காலை அளந்து சப்பாத்து மாட்டிவிடுவது, மாலையில் ஈரத்தோடு திரும்பிவரும் நூறு சோடியைத் துடைத்துக் காயவைப்பது. றெஜினோல்ட் அதே ஹோட்டலின் சமையலறையில் கோப்பை கழுவினான். நிலவறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அது வெளியே தரைமட்டத்தில் இருந்ததால் போகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும். எட்டுக் குளிர்காலம் அவள் பார்த்த பனிச்சறுக்கு அதுதான்.

ஆசை இல்லாமலா? நிறைய இருந்தது. ஆனால் அங்கே ஒரு நாள் சறுக்குவதற்கான சீட்டின் விலையில் மன்னாரில் தங்கச்சி வீடு இரண்டு கிழமை சாப்பிடும். அப்படி நினைத்த பிறகு எந்த ஆசைதான் எழும்பி நிற்கும்?

இப்படி இருக்க, இந்த வருடம் ஆகஸ்ட் முதல் ஞாயிறு, பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில், நிரூஜன் தொலைபேசியும் கையுமாக வந்து நின்றான். தமிழ்க் குழுவின் செயலாளர் அவன்தான். ஒரு காரியத்தைத் தொட்டால் முடிக்காமல் விடமாட்டான், முடியும்வரை மற்றவர்களையும் நிம்மதியாக இருக்க விடமாட்டான்.

"ஸ்கீ ஓட மலைக்குப் போறதெண்டா அஞ்சு மணித்தியாலம் ஓட வேணும், தங்க வேணும், செலவு சொல்லி மாளாது," என்றான். "இந்த இடம் இஞ்சயிருந்து அரை மணித்தியாலம். கொட்டிலுக்குள்ளதான் பனி. ஆனா பனி பனிதானே! சாப்பாடும் நாங்களே கொண்டுபோகலாமாம்."

ஒன்பது பேர் உடனே பெயர் கொடுத்தார்கள்.

"இன்னொரு விசயம். பயிற்சி ஆள் வேண்டாமெண்டா பாதிக் காசு. ஆனா குழுவுக்குள்ள அனுபவமுள்ள ஒராள் இருக்க வேணுமாம்." நிரூஜன் திரும்பினான். "எமிலியக்கா, எத்தினை வருசம் அங்க இருந்தனீங்கள்?"

"எட்டு வருசம்."

"எட்டு வருச அனுபவம்," என்று சொல்லிக்கொண்டே படிவத்தில் அடித்துவிட்டான். எமிலி வாயைத் திறந்தாள். அதற்குள் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற றெஜினோல்ட்டின் பிஸ்கட் தேத்தண்ணிக்குள் விழுந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் அவன் கேட்டான். "நீ சொல்லுறியோ, நான் சொல்லவோ?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. அது என்ன பெரிய வித்தையே? எட்டு வருசம் பார்த்தனான்."

"காலைத்தானே பார்த்தனி."

எமிலி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

சனிக்கிழமை காலை மூன்று காரில் புறப்பட்டார்கள். பெருஞ்சாலையை விட்டு இறங்கி, குதிரைகள் மேய்கிற புல்வெளியைத் தாண்டினால், சரிவான தகரக் கூரையோடு நீளமாக ஒரு கொட்டில். வெளியில் இருந்து பார்த்தால் பென்ரோஸில் எமிலி வேலை செய்யும் கிடங்குக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே போனால் ஒரே ஒரு சரிவு. மேலே ஏற நகரும் பட்டி. பழைய மேசைகள் நாலைந்து, கொண்டுவந்த சாப்பாட்டைச் சூடாக்க இரண்டு மைக்ரோவேவ், ஊதா நிறம் வெளுத்துப்போன வாடகை உடுப்புகள். ஆடம்பரம் என்று சொல்ல மருந்துக்கும் ஒன்று இல்லை. ஆனால் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று பனி கிடந்தது. அதைப் பார்த்ததும் பெரியவர்கள் எல்லாம் பிள்ளைகள் மாதிரி மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்கள்.

வரவேற்பில் நின்றவள் ரொஷினி. பிஜியில் பிறந்தவள், நாற்பது வயதிருக்கும். தமிழில் வணக்கம் சொல்வாள், அதற்கு மேல் ஆங்கிலம்தான். அன்று காலை அவளே காசு வாங்கினாள், அவளே சப்பாத்துக் கொடுத்தாள், அவளே ஓடிப்போய்ப் பனியில் விழுந்தவர்களைத் தூக்கிவிட்டாள். சப்பாத்து அறையில் வேலை செய்கிறவர் காய்ச்சலில் வரவில்லையாம்.

எங்கள் ஆட்களோ குளிருக்குப் பயந்து ஆளுக்கு மூன்று சோடி காலுறை போட்டு, அதற்குமேல் இரண்டு காற்சட்டை போட்டு, எல்லாவற்றையும் சப்பாத்துக்குள் திணித்துக்கொண்டு, "ஐயோ நோகுது, கால் விறைக்குது" என்று நீள வாங்கு முழுக்க உட்கார்ந்து முனகினார்கள். மாசி என்ற புறநகரிலிருந்து வந்த அனோஜா அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வகுப்பில் சிங்கம், இங்கே ஒரு காலைத் தூக்கி வைக்க ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எமிலிக்குப் பொறுக்கவில்லை. ஒரு சின்ன ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் கழட்டுங்கோ! ஒரு சோடி சொக்ஸ் போதும், மெல்லிசு. சப்பாத்துக்குள்ள காலும் சொக்ஸும் மட்டும்தான் இருக்க வேணும். காற்சட்டை வெளியில. துணி மடிஞ்சு கிடந்தாத்தான் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாட்டித்தான் விறைக்கும். விளங்குதோ?"

"அக்கா, நான் ஒன்பதாம் நம்பர்," என்றான் நிரூஜன்.

"கடைச் சப்பாத்து நம்பர் இஞ்ச செல்லாது தம்பி, இஞ்ச சென்ரிமீற்றர் கணக்கு. காலை வையும்." தரையில் கிடந்த அளவுப் பலகையை இழுத்தாள். ஆனால் பலகையைப் பார்க்கும் முன்பே சொல்லிவிட்டாள். "இருபத்தேழரை."

பலகையும் இருபத்தேழரை என்றது.

அதன்பிறகு கேட்க வேண்டுமா! அனோஜா இருபத்து மூன்று. அவளுக்குப் பின்னால் இருந்தவர் இருபத்தெட்டு, ஆனால் பாதம் அகலம், அதனால் பழைய சோடியாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு கொளுக்கியாகக் கீழிருந்து மேலே பூட்டினாள். "பெருவிரல் முன்னுக்கு முட்டுதோ? முழங்காலை மடிச்சுப் பாருங்கோ. இப்ப முட்டாது." முட்டவில்லை. முனகல் நின்றது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும் வரிசையில் வந்து காலை நீட்டியது. எமிலி அவர்களுக்கும் மாட்டிவிட்டாள். ரொஷினி கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். எமிலியின் நெஞ்சு நிறைந்து போயிருந்தது. இந்த வேலை கையில் இன்னும் இருக்கிறது என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எட்டு வருட அனுபவம் என்று படிவத்தில் போட்டிருந்தது உங்களைத்தானே?" என்று ரொஷினி ஆங்கிலத்தில் கேட்டாள். "பார்த்தாலே தெரிகிறது. எங்கள் விதிப்படி குழுத் தலைவர் முதலில் ஒரு தடவை மேலிருந்து இறங்கிக் காட்ட வேண்டும். பிறகு மற்றவர்களை விடுவேன். வாருங்கள், உங்களுக்குச் சப்பாத்து எடுத்துத் தருகிறேன். உங்கள் அளவு என்ன?"

சாதாரணக் கேள்வி. சறுக்குகிறவர்கள் எல்லாரும் தங்கள் பிறந்த நாளைச் சொல்வது போலச் சொல்கிற எண்.

எமிலி குனிந்து தன் காலைப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் காலை அளந்திருப்பாள்! ஜேர்மன்காரர் கால், ரஷ்யக்காரர் கால், தேனிலவுக்கு வந்தவர்களின் கால். தன் காலை அந்தப் பலகையில் ஒரு நாளும் வைத்ததில்லை. வைத்து என்ன செய்வது? அதனால் வைக்கவில்லை.

சும்மா ஒரு எண்ணைச் சொல்லலாம். பட்டியில் ஏறி மேலே போகலாம். பிறகு? தான் விழுந்தால் பரவாயில்லை. தன்னை நம்பி ஒன்பது பேர் பின்னால் ஏறுவார்கள். அனோஜா ஏறுவாள். ஒரு காலோ கையோ முறிந்தால் அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தூரத்தில் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குக் காவல் இருந்த றெஜினோல்ட் எழுந்து நின்றான். எமிலி அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நானே சொல்கிறேன் என்று அர்த்தம்.

"என்ரை அளவு எனக்குத் தெரியாது," என்றாள் உரத்து.

பகிடி என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதேங்கோ. எனக்கு ஸ்கீ ஓடத் தெரியாது. ஒரு நாளும் ஓடினதில்லை. எட்டு வருசமும் இந்த வேலைதான் செய்தனான், சப்பாத்து மாட்டுற வேலை. நீங்கள் கேட்டநேரம் இல்லை எண்டு சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. சொல்ல விருப்பமில்லை, அவ்வளவுதான். பிழை என்னிலதான்." பிறகு அதையே ஆங்கிலத்தில் ரொஷினிக்கும் சொன்னாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. நிரூஜனின் முகம் அணைந்த தொலைபேசித் திரை போலக் கறுத்துப் போயிற்று. "அக்கா, நான் படிவத்தில கையெழுத்து வைச்சுப்போட்டனே!" என்றான். "அப்ப நாங்கள் இப்ப வீட்டை போறதோ?" என்று ஒருவர் கேட்டார். எமிலிக்குக் காது மடல் வரை சுட்டது. பதினாறு வருடம் கட்டிக் காத்த பெயர் பதினாறு நொடியில் போய்விட்டது. அழுகை வரும்போல இருந்தது, ஆனால் அவள் அழுகிற ஆள் இல்லை. பென்ரோஸில் ஒரு லொறி வராவிட்டால் நின்று அழுவாளா? அடுத்த லொறியைத்தான் பார்ப்பாள்.

ரொஷினி பக்கம் திரும்பினாள். "பயிற்சி கொடுக்கிறது யார்?"

"நான்தான். ஆனால் இன்றைக்கு நான் எப்படி? பதினொரு மணிக்கு இருபத்தைந்து பிள்ளைகள் பிறந்த நாள் கொண்டாட்டத்துக்கு வருகிறார்கள். சப்பாத்து அறையில் ஆள் இல்லை."

"ஆள் இருக்கிறது," என்றாள் எமிலி. "அறையை நான் பார்க்கிறேன். நீ என் ஆட்களுக்குச் சொல்லிக்கொடு."

ரொஷினி அவளைப் பார்த்தாள். பிறகு, முனகாமல் அழகாக நின்றுகொண்டிருந்த ஒன்பது சோடிக் கால்களைப் பார்த்தாள். தன் கழுத்தில் தொங்கிய அறைப் பூட்டின் திறப்பைக் கழற்றி எமிலியின் கையில் வைத்தாள்.

சரியாகப் பதினொரு மணிக்கு இருபத்தைந்து பிள்ளைகள் மழை மாதிரி வந்து கொட்டினார்கள். எமிலி ஒரு குரல் கொடுத்தாள். அடுத்த நிமிடம் உயர வரிசையில் வாங்கில் இருந்தார்கள். பதினெட்டு, பத்தொன்பதரை, இருபது. ஈரமான சோடிகள் ஒரு பக்கம், காய்ந்தவை ஒரு பக்கம். தட்டுகளில் எண்கள் மாறிக் கிடந்தன, அதையும் அடுக்கித் திருத்தினாள். கை தன்பாட்டுக்கு ஓடியது.

மனம்தான் ஓடவில்லை. கடைசியில் இங்கேயும் நான் சப்பாத்து அறைக்குள்தான் என்று நினைத்தாள். உலகத்தின் மறுமூலைக்கு வந்தும் அதே ஸ்டூல், அதே ஈரச் சப்பாத்து மணம்.

ஆனால் இந்த அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. இங்கே கால் மட்டும் தெரியவில்லை, முழு ஆளும் தெரிந்தது. பீட்சாத் துண்டு மாதிரி காலை முன்னுக்குக் கூட்டிப் பின்னுக்கு விரித்தால் வேகம் குறையும் என்று ரொஷினி காட்டிக்கொடுத்தாள். அடுத்த நிமிடம் சரிவு முழுக்க எங்கள் ஆட்களின் "பீட்சா! பீட்சா!" என்ற கூச்சல். நிரூஜன் ஏழு தடவை விழுந்தான், எமிலி எண்ணிக்கொண்டே இருந்தாள். எண்ணியதில் ஒரு சின்னச் சந்தோசமும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? அனோஜா சிலுவை போட்டுவிட்டு மேலிருந்து புறப்பட்டாள். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி, ஆமென் சொல்லும்போது விழாமல் கீழே வந்து நின்றாள். நின்றதும் இரண்டு கையையும் தூக்கிக் கண்ணாடிக்குள் இருந்த எமிலியைத்தான் பார்த்தாள்.

மதியம் மீன் ரோல்ஸும் புரியாணியும் மைக்ரோவேவில் சூடாகி, பிறந்த நாள் வீட்டுக்காரரும் வந்து ருசி பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் எமிலியைக் குத்திக் கதைக்கவில்லை. நிரூஜன் மட்டும் இரண்டு ரோல்ஸ் தின்றபிறகு, "அக்கா, எண்டாலும் அந்தச் சிரிப்பு!" என்றான். "சிரிப்பு நல்ல சிரிப்புத்தானே," என்றாள் எமிலி.

இரண்டரைக்குப் பிள்ளைகள் போய்விட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. எமிலி கடைசிச் சோடியைத் துடைத்துக்கொண்டு இருந்தபோது அனோஜா கன்னம் சிவக்க உள்ளே வந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு எமிலியின் முன்னால் இருந்தாள். பலகையைக் கீழே வைத்தாள்.

"காலை வையுங்கோ அக்கா."

"எனக்கேன் இப்ப..."

"வையுங்கோ எண்டா!" வகுப்பில் சிங்கம் என்று சொன்னேன் அல்லவா.

எமிலி காலை வைத்தாள். பலகை குளிர்ந்தது. அனோஜா குனிந்து பார்த்துச் சொன்னாள். "இருபத்து நாலரை."

எமிலிக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த முறை அவள் அதைத் தடுக்கவில்லை. யாரும் அவள் காலடியில் உட்கார்ந்து சப்பாத்து மாட்டிவிட்டதில்லை. அனோஜா தட்டில் தேடி எடுத்துவந்தாள், நாக்கை இழுத்தாள், மேல் கொளுக்கியை முதலில் பூட்டப் போனாள்.

"கீழயிருந்து," என்றாள் எமிலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பிறகு, பெருவிரல் முட்டுதோ எண்டு கேக்க வேணும்."

"பெருவிரல் முட்டுதோ?"

"கொஞ்சம்."

"முழங்காலை மடியுங்கோ. இப்ப?"

"இல்லை," என்றாள் எமிலி. எத்தனை ஆயிரம் பேர் தனக்குச் சொன்ன அந்த இல்லையைத் தான் முதல்முறையாகச் சொன்னாள்.

ரொஷினி அவளைச் சின்ன மேட்டில் வைத்துப் பத்து நிமிடம் பழக்கினாள். பிறகு பட்டியில் ஏற்றிப் பாதி உயரத்தில் இறக்கிவிட்டாள். கீழே ஒன்பது பேரும் வரிசையாக நின்றார்கள். றெஜினோல்ட் வீடியோ எடுக்கத் தொலைபேசியை நீட்டினான்.

எமிலி வந்தாள். வளையவில்லை, நெளியவில்லை, நேராக வந்தாள். எல்லாரும் பீட்சா என்று கத்தினார்கள். அவளுக்குப் பீட்சா கேட்கவில்லை, காற்றுத்தான் கேட்டது. நிறுத்துகிற யோசனையே அவளுக்கு இல்லை. முகத்தில் பதினாறு வருடத்துக்கு முந்திய அதே சிரிப்பு, இந்தத் தடவை கடன் இல்லாமல். கையை விரித்துப் பிடிக்க வந்த நிரூஜனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்ப் பனிக்குள் விழுந்தாள்.

"எட்டு!" என்றாள் விழுந்த இடத்திலிருந்து. அவன் விழுந்த கணக்கு.

திங்கட்கிழமை பென்ரோஸில் தேநீர் இடைவேளைக்கு எமிலி சுந்தரத்திடம் தொலைபேசியை நீட்டினாள். றெஜினோல்ட் எடுத்த வீடியோ. அவசரத்தில் தொலைபேசியைத் தாழ்த்திப் பிடித்துவிட்டான். வெள்ளைப் பனி, அதில் விரைந்து வருகிற இரண்டு கால், முழங்காலுக்கு மேலே ஒன்றும் இல்லை.

சுந்தரம் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். "என்னங்க இது, வெறும் காலு மட்டும்தான் தெரியுது. யாரோட காலு?"

"என்ரை கால்," என்றாள் எமிலி. "இருபத்து நாலரை."